மூளை நோய்கள் பற்றி எம்எஸ்சி படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோயைப் பிடியுங்கள்

பிஎஸ்சி விலங்கியலோ உயிர்வேதியியலோ கடைசி வருஷத்தில் இருக்கிறீர்கள், மேலே நரம்பு நோய்கள் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறீர்கள். சரி, எந்தக் கல்லூரி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு நோயைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் தேர்ந்தெடுத்தது பார்கின்சன். திண்ணையில் தாத்தா சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவது மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும், காபி டம்ளருக்குக் கை நீட்டினால் ஆட்டம் குறைந்துவிடும். வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டோம். நடுமூளையில், அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சாவதால் வருவது அது. ஏன் சாகின்றன என்பதுதான் படிப்பே. ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் கட்டிக்கொள்வது ஒரு பக்கம், மைட்டோகாண்ட்ரியா பழுதாவது இன்னொரு பக்கம். ரோட்டனோன் என்ற பூச்சிக்கொல்லியை எலிகளுக்குச் செலுத்தி இதே மாதிரி பாதிப்பு வருவதை 2000-இல் காட்டினார்கள். மருந்தடிக்கிற ஊரில் பிறந்தவன், படித்துவிட்டு அன்று தூங்கவில்லை. அதற்காகத் தாத்தாவுக்கு வயலில்தான் வந்தது என்று நேர்முகத்தில் சொல்லிவிடாதீர்கள், கிழித்துவிடுவார்கள்.

அப்புறம் ஆய்வுக் கட்டுரை. பப்மெட் சென்ட்ரல் என்ற இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கும். சுருக்கத்தை விட்டுவிட்டு நேராகப் படங்களுக்குப் போங்கள். வெஸ்டர்ன் பிளாட் (ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சோதனை) படத்தில் கருப்புப் பட்டைகள் இருக்கும், மேல் வரிசை அவர்கள் தேடிய புரதம், கீழ் வரிசை பெரும்பாலும் ஆக்டின், செல்களில் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் புரதம். நெல் எடை போடுமுன் தராசு முள்ளைப் பார்ப்போமே, அந்த மாதிரி முதலில் ஆக்டின் பட்டைகள் எல்லாம் ஒரே தடிமனா என்று பாருங்கள். அது ஏறுக்குமாறாக இருந்தால் மேலே தெரிகிற வித்தியாசத்தை நம்ப வேண்டாம். வாரம் ஒரு கட்டுரை இப்படிப் பார்த்தால் போதும், நாலு மாதத்தில் கண் பழகிவிடும்.

தேர்வுகள்: எம்எஸ்சி சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் தேர்வில் பயோடெக்னாலஜி தாள் எழுதுங்கள், பெங்களூரு ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்டிக்கும் (எம்எஸ்சியும் பிஎச்டியும் சேர்ந்தது) அதுதான் வழி. செப்டம்பரில், சம்பா நாற்று விடுகிற சமயத்தில் விண்ணப்பம். அறுப்பு நடக்கிற பிப்ரவரியில் தேர்வு. வீட்டில் ஆள் பற்றாக்குறை என்று வயலுக்குக் கூப்பிடுவார்கள், இப்போதே சொல்லி வையுங்கள். ஜாமிலும் சரி, பயோடெக்னாலஜி எம்எஸ்சிக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான காட்-பியிலும் சரி, பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும் உண்டு. பியூர் சயின்ஸ் குரூப் எடுத்துக் கணக்கை விட்டவர்கள் தூசி தட்ட வேண்டியிருக்கும். ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்குத் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே சேர சியுஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு.

சேருமுன் ஆய்வகத்தில் ஒன்று கேட்டுவிடுங்கள்: எலியா, பழ ஈயா, செல் வளர்ப்பா? எலி என்றால் மூளையை நீங்கள்தான் எடுக்க வேண்டும். என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் முதல் மாதமே பழ ஈ ஆய்வகத்துக்கு மாறிப் போனார்.