பாட்டில் ராக்கெட்டுக்கு ஒரு ஏவுதளம்: அரை அங்குலக் குழாயும் பன்னிரண்டு கேபிள் டைகளும்

கோவை கணபதியில் ஒரு சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தண்ணீர் ராக்கெட் செய்ய வேண்டும் என்று வந்து நின்றாள். குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் ஒரு கார்க், கார்க்கின் நடுவே பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி. இப்படித்தான் எல்லோரும் தொடங்குவார்கள், நாங்களும் தொடங்கினோம். ஒருமுறை பம்ப்பால் நான்கு அடி அடித்ததுமே பாட்டில் கிளம்பியது. அடுத்த முறை இருபது அடி அடித்தும் அசையவில்லை. ஏன் என்று பார்க்க மகள் குனிந்தபோது என் வயிறு கலங்கிவிட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் வந்தேன்.

கார்க்கில் உள்ள கோளாறு இதுதான்: எப்போது கிளம்புவது என்பதைக் கார்க்கே முடிவு செய்கிறது. நாம் கயிற்றை இழுக்கும் நொடியில்தான் பாட்டில் கிளம்ப வேண்டும். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கசியக் கூடாது. அந்த இரண்டையும் செய்யும் ஏவுதளத்தைத்தான் இங்கே சொல்கிறேன். வேலை இரண்டு நாள் பிடிக்கும்.

முதலில் குழாய். குளிர்பான பாட்டிலின் வாய்க்குள் வெர்னியர் வைத்து அளந்தால் ஏறக்குறைய 21.7 மில்லிமீட்டர் வரும். அரை அங்குல ஜிஐ குழாயின், அதாவது நாகப் பூச்சுள்ள இரும்புக் குழாயின், வெளிவிட்டம் சுமார் 21.3. இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சிவப்புப் பட்டை போட்ட 'சி கிளாஸ்' குழாயையே கேட்டு வாங்குங்கள். சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் கனமாக இருக்கும், சுற்றிலும் காடி, அதாவது ஒரு பள்ளம், வெட்டினாலும் தாங்கும். இதே வெளிவிட்டத்தில் பிவிசி குழாயும் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் அழுத்தக் காற்று நிற்கும் இடத்தில் நான் பிவிசியைத் தொடுவதில்லை. தண்ணீர் நிரம்பிய பிவிசி குழாய் உடைந்தால் கீறல் விட்டுத் தண்ணீர் பீய்ச்சும், அவ்வளவுதான். காற்று நிரம்பிய குழாய் உடைந்தால் கண்ணாடிச் சில்லுபோல நாலாபுறமும் தெறிக்கும். பிள்ளைகள் நிற்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

குழாயில் 30 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் முனையில் மரை போட வேண்டும். மேல் முனையை லேத்தில் மாட்டி, நாகப் பூச்சின் மேடு பள்ளம் போகும்வரை லேசாகக் கடைந்து சரியாக 21.3-க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு ஓரிங் என்னும் ரப்பர் வளையம் உட்காரும் காடி. உள்விட்டம் 18, கனம் 2 மில்லிமீட்டர் உள்ள நைட்ரைல் ஓரிங் பேரிங் கடைகளில் கிடைக்கும். காடியின் அடிவிட்டம் 18.2, அகலம் 2.6. ஓரிங்கை மாட்டியபின் அதன் வெளிவிட்டம் 22.2 ஆகும். பாட்டில் வாய் 21.7 என்பதால் ரப்பர் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் நசுங்கும். அந்தக் கால் மில்லிமீட்டரில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. கூடினால் பாட்டிலை ஏற்றவே முடியாது. குறைந்தால் மூக்கொழுகுவதுபோல ஒழுகிக்கொண்டே இருக்கும்.

காடி வெட்டியதும் விரல் நுனியால் அதன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தோலைப் பிடித்தால் ரப்பரையும் பிடிக்கும். மெல்லிய எமரித் தாளை மடித்து, குழாய் சுழலும்போது விளிம்பில் ஒருமுறை ஒற்றி எடுத்தால் போதும். குழாயின் மேல் வாயையும் அதேபோல் உருட்டிவிடுங்கள். நான் முதல் முறை இதைச் செய்யாமல் விட்டேன். மூன்றாவது பாட்டிலிலேயே ஓரிங்கிலிருந்து நகம் வெட்டியதுபோல ஒரு துண்டு போய்விட்டது.

காடி எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதற்கு முன், பாட்டில் எதன்மேல் உட்காரும் என்று பார்ப்போம். ஒரு அங்குல யுபிவிசி குழாயின் வெளிவிட்டம் 33.4. பாட்டில் கழுத்தில் ஒரு வளையம் துருத்திக்கொண்டு நிற்குமே, அதன் விட்டமும் ஏறக்குறைய 33. எனவே யுபிவிசியில் 6 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, ஜிஐ குழாயின்மேல் வளையல்போல மாட்டி, நடுவில் இருக்கும் இடைவெளியை எம்-சீல் என்னும் பிசைந்து பூசும் பசை கொண்டு அடைத்துவிடுங்கள். இங்கே பிவிசி வெறும் முட்டு மட்டுமே. காற்று அதற்குள் போவதில்லை. இந்த முட்டுக்கு மேலே 20 சென்டிமீட்டர் குழாய் நீண்டிருக்க வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்து மாட்டும்போது குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும், தண்ணீர் பம்ப்புக்குள் இறங்காது. ஓரிங் காடி முட்டின் விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் மேலே இருக்கட்டும்.

இனிப் பூட்டு. 200 மில்லிமீட்டர் நீளம், 4.8 மில்லிமீட்டர் அகலம் உள்ள கேபிள் டைகள், அதாவது ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள், பன்னிரண்டு வேண்டும். தலைகள் மேலே, உள்நோக்கிப் பார்த்தபடி, முட்டைச் சுற்றி வேலிபோல நிறுத்தி, கீழ்ப்பகுதியை ஓஸ் கிளிப்பால் (திருகி இறுக்கும் உலோகப் பட்டை) இறுக்க வேண்டும். பாட்டிலை மாட்டினால் தலைகள் எல்லாம் அந்தக் கழுத்து வளையத்தின்மேல் கொக்கிபோல விழ வேண்டும். இந்த வேலிக்கு மேல் ஒரு சட்டை: தலைகளை மூடிப் பிடிக்கும் அளவுள்ள பெரிய குழாயின் சிறு துண்டு. அதற்கு ஒரே அளவு சொல்ல முடியாது, கேபிள் டையின் தலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாட்டிலையும் கேபிள் டைகளையும் வைத்து ஒரு நூலால் சுற்றி அளந்து, அதையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். சட்டை விரலால் தள்ளினால் ஏற வேண்டும். ஏறியபின் ஆடக் கூடாது. அதன் உள்விளிம்பைச் சற்றுச் சாய்வாகச் செதுக்குங்கள். சட்டையை மேலேயே தாங்கிப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள்வில், கீழே இழுக்க எதிரெதிரே இரண்டு துளைகளில் கட்டிய நைலான் கயிறு. கயிறு, ஏவுதளத்தைத் தாங்கும் அடிப்பலகையில் உள்ள ஒரு வளையத்தின் வழியாகத் திரும்பி, 5 மீட்டர் தள்ளி வரட்டும்.

இந்தத் தலைகள் எவ்வளவு பளுவைத் தாங்குகின்றன தெரியுமா? பாட்டில் வாயின் பரப்பு சுமார் 3.7 சதுர சென்டிமீட்டர். 60 பிஎஸ்ஐ (பம்ப் கேஜ் காட்டும் அழுத்த அளவு) அழுத்தத்தில் பாட்டில் ஏறக்குறைய 15 கிலோ விசையுடன் மேலே திமிறிக்கொண்டிருக்கும். ஒரு கேபிள் டையின் இழுவைத் தாங்கும் திறன் சுமார் 22 கிலோ. எனவே பன்னிரண்டு சேர்ந்தால் அறுந்துவிடுமோ என்ற கவலை இல்லை. அறுவதைவிட, வளைந்து நழுவுவதுதான் ஆபத்து. சட்டை இறுக்கமாக இருக்க வேண்டியது அதற்காகத்தான்.

ஒரு நாள் முழுக்க என்னைச் சுற்றவைத்த விஷயம் ஒன்று உண்டு. பாட்டில்களின் கழுத்து இரண்டு வகை. பழைய வகையில் வாயின் விளிம்பிலிருந்து வளையம்வரை சுமார் 21 மில்லிமீட்டர். புதிய குட்டைக் கழுத்தில் சுமார் 17. நெட்டைக் கழுத்துக்கு ஏற்றபடி தலைகளை நிறுத்திவிட்டுக் குட்டைக் கழுத்துப் பாட்டிலை மாட்டினால், காற்று ஏறியதும் பாட்டில் 4 மில்லிமீட்டர் எழும்பித்தான் கொக்கியில் மாட்டும். அப்போது என் ஓரிங் முட்டிலிருந்து 5 மில்லிமீட்டரில்தான் இருந்தது. பாட்டில் எழும்பியதும் ஓரிங் வாயின் விளிம்புக்கே வந்து பீய்ச்சத் தொடங்கியது. காடியை 10-க்கு ஏற்றியது அதன் பிறகுதான். நீங்கள் ஒரே வகைப் பாட்டிலைச் சேர்த்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது.

காற்று வரும் பக்கம் எளிது. குழாயின் கீழே எல்போ என்னும் முழங்கை இணைப்பு, அதையடுத்து மூன்று வாய் உள்ள ஒரு டீ. டீயின் ஒரு பக்கம் கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் பால் வால்வு, மறுபக்கம் ஓஸ் மாட்டும் நிப்பிள். நிப்பிளில் 5 மீட்டர் கம்ப்ரசர் ஓஸ். பழைய பைக் டியூபிலிருந்து வால்வைச் சுற்றியுள்ள ரப்பரோடு வெட்டி எடுத்து, ஓஸின் மறுமுனையில் செருகி இரண்டு கிளிப் போடுங்கள். மரைகளுக்கு டெஃப்லான் டேப். பால் வால்வு வீண் செலவு என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். கயிறு சிக்கிக்கொண்டால், அழுத்தம் ஏறிய பாட்டிலின் அருகே யாரும் போகக் கூடாது. பால் வால்வின் கைப்பிடியிலும் ஒரு கயிறு கட்டி, தூரத்திலிருந்தே காற்றை இறக்கிவிடுங்கள்.

மைதானத்துக்குப் போகுமுன் தண்ணீர்ச் சோதனை. பாட்டில், குழாய், ஓஸ் எல்லாவற்றையும் காற்று இல்லாமல் தண்ணீரால் நிரப்பி, கேஜ் உள்ள பம்ப்பால் 90 பிஎஸ்ஐ ஏற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் அமுங்காது என்பதால், எது விட்டுப்போனாலும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். முள் அசையாமல் நின்றால் உங்கள் காடி சரி.

ஏவும் நாளில் 1.25 லிட்டர் பாட்டிலுக்கு 400 மில்லி தண்ணீர். ஏவுதளத்தைத் தலைகீழாகப் பிடித்து, ஓரிங்கில் சோப்பு நீர் தடவி, குழாயைப் பாட்டிலுக்குள் மெல்லத் திருகிச் செருகி, சட்டையை ஏற்றியபின் நிமிர்த்துங்கள். முதல்முறை 40 பிஎஸ்ஐ, பழகியபின் 60. அதற்குமேல் நான் போவதில்லை. குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும், எல்லோருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி வேண்டும், மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. குளிர்பானம் வந்த பாட்டில்தான் வேண்டும். குடிநீர் பாட்டில் மெல்லியது, உதவாது. கீறலோ வெள்ளைக் கோடோ விழுந்த பாட்டிலை அன்றே ஒதுக்கிவிடுங்கள். நான் பத்து ஏவலுக்கு ஒரு பாட்டில் என்று கணக்கு வைத்து, மார்க்கரால் அதன்மேலேயே கோடு போடுகிறேன்.

கயிற்றை மெல்ல இழுக்காதீர்கள். பாதி தலைகள் விட்டு, பாதி பிடித்துக்கொண்டால் பாட்டில் சாய்ந்து கிளம்பும். ஒரே வெட்டு இழுப்பு. சட்டை இறங்கியதும் பன்னிரண்டு தலைகளும் பூ விரிவதுபோல விரியும்.

வீடு திரும்பியதும் ஓரிங்கைக் கழற்றித் துடைத்து ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். குழாயைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கடைந்த இடத்தில் நாகப் பூச்சு போய்விட்டதால் துரு அங்கேதான் பிடிக்கும், சிறிது கிரீஸ் தடவினால் நிற்கும். கேபிள் டைகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்தவை வெளிறி, வளைக்கும்போது முனகும். அவற்றை அப்போதே மாற்றிவிடுங்கள்.