பயனருக்காகச் சாட்பாட் காத்திருக்கும் நேரம்: அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்பாட் அமைப்பவர்கள் அது கேட்கும் கேள்விகளைப் பத்து முறை திருத்துவார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே நிலவும் மௌனத்தை மட்டும் மென்பொருள் தந்த இயல்பு மதிப்பிலேயே விட்டுவிடுவார்கள். சாட்பாட் உருவாக்கும் தளங்களில், பதில் வராதபோது உரையாடல் அமர்வை (செஷனை) முடிக்கும் அந்த மதிப்பு அமேசான் லெக்ஸில் 5 நிமிடம், டயலாக்ஃப்ளோ சிஎக்ஸில் 30 நிமிடம், ராசாவின் புதிய திட்டங்களில் 60 நிமிடம். இவற்றில் எதுவும் உங்கள் பயனரை மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்பட்டதன்று.

எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே காத்திருப்பு நேரத்தை வைப்பதே மிகப் பரவலான தவறு. "ஆம்" அல்லது "இல்லை" என்ற பொத்தானை அழுத்தச் சில நொடிகள் போதும். மின்கட்டணப் புகாருக்காக இணைப்பு எண்ணைக் கேட்டால், பயனர் எழுந்து சென்று, மீட்டர் பெட்டியில் செருகியிருக்கும் வெள்ளை அட்டையைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து அமர்வதற்குள் நான்கைந்து நிமிடங்கள் கடந்துவிடும். அதற்குள் "இன்னும் இருக்கிறீர்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு உரையாடலை முடித்துக்கொள்ளும் சாட்பாட்டை, அலுவல் நேரம் முடியுமுன்பே ஷட்டரை இறக்கும் கவுன்டரோடுதான் ஒப்பிட வேண்டும். பயனர் எதையாவது தேடி எடுக்க வேண்டிய கேள்விகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். "எண்ணை எடுத்து வாருங்கள், காத்திருக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நினைவூட்டலே தேவைப்படாது.

நினைவூட்டலுக்கான கடிகாரமும் செஷனை முடிக்கும் கடிகாரமும் வேறுவேறு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். செஷன் முடியும்போது, அதுவரை பெற்ற பெயரும் முகவரியும் சேர்ந்து அழிந்தால், திரும்பி வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ராசாவில் பழைய விவரங்களைப் புதிய செஷனுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு உண்டு. மேலே சொன்ன மற்ற இரண்டிலும் அவற்றை நீங்களே சேமித்துவைக்க வேண்டும்.

அடுத்தது, பதில் வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் டைமர். 10:04:58க்குப் பயனர் எண்ணை அனுப்புகிறார். 10:05:00க்கு "பதில் வரவில்லையே" என்ற செய்தி போகிறது. நான் அமைத்த ஒரு சாட்பாட்டிலேயே இது நேர்ந்தது. டைமரை ரத்து செய்வது மட்டும் போதாது. நினைவூட்டலை அனுப்பும் கணத்தில், அது எந்தக் கேள்விக்காகத் தொடங்கப்பட்டதோ அதே கேள்விதான் இன்னும் நிலுவையில் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

குரல்வழிச் சாட்பாட்டில், பேசவே தொடங்காத மௌனம் ஒன்று, பேச்சின் நடுவே மூச்சு வாங்கும் மௌனம் மற்றொன்று. 12 இலக்க ஆதார் எண்ணை மக்கள் நான்கு நான்காகப் பிரித்துச் சொல்வார்கள். பேச்சு முடிந்துவிட்டதாகக் கொள்ளும் இடைவெளியை அரை நொடியாகக் குறைத்தால், முதல் நான்கு இலக்கங்களோடு சாட்பாட் குறுக்கிட்டுவிடும். எழுத்துவழியிலும் இதே சிக்கல் உண்டு: "வணக்கம்", "ஒரு சந்தேகம்", "பில் அதிகமா வந்திருக்கு" என்று துண்டு துண்டாக எழுதுபவருக்கு மூன்று பதில்களை அனுப்பாமல், கடைசிச் செய்திக்குப் பின் இரண்டு மூன்று நொடிகள் பொறுத்து ஒரே பதிலாகத் தருவதே முறை.

வாட்ஸ்அப்பில் இயங்கும் சாட்பாட் என்றால், பயனரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம் கடந்தபின் வாட்ஸ்அப்பிடம் முன்னரே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் (மாதிரி வடிவ) செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். மறுநாளைக்கென்று அமைத்த சாதாரண நினைவூட்டல் போய்ச் சேராது. பிழைப்பதிவைத் திறந்து பார்க்கும்வரை அது போகவில்லை என்பதும் தெரியாது.