வாட் போடவா, ஹவ் போடவா? இங்கிலீஷ்ல ஆச்சரிய வாக்கியம் எழுதுற முறை

நம்ம செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல தான் தமிழ்நாட்டோட சேந்துச்சு, இப்பவும் புளியரை தாண்டுனா கேரளா, அதனால "எந்தொரு மழ!"ங்கிற மலையாளப் பேச்ச நாம சின்ன வயசுலயே கேட்டிருப்போம். அந்த எந்தொருவ பிரிச்சா எந்து (என்ன), ஒரு. இங்கிலீஷ்ல அதேதான், வாட், எ.

முதல்ல சாதா வாக்கியத்த எழுதிக்கிடுங்க. "இட் இஸ் எ வெரி பிக் ஜாக்ஃப்ரூட்." வெரிய எடுத்துருங்க. "எ பிக் ஜாக்ஃப்ரூட்"ட அப்படியே முன்னால கொண்டுவந்து தலையில வாட் வைங்க: "வாட் எ பிக் ஜாக்ஃப்ரூட் இட் இஸ்!" கடைசில ஆச்சரியக்குறி. பேசும்போது இட் இஸ் இல்லாமலும் சொல்லலாம்.

பெயர்ச்சொல் பக்கத்துல இல்லன்னா ஹவ். "த வாட்டர் இஸ் வெரி கோல்ட்"ல கோல்டுக்கு அப்புறம் எதுவும் இல்ல, அதனால "ஹவ் கோல்ட் த வாட்டர் இஸ்!" "இட் இஸ் ரெய்னிங் வெரி ஹெவிலி"னா "ஹவ் ஹெவிலி இட் இஸ் ரெய்னிங்!"

பெரும்பாலும் தப்பு வர்ற இடம் இதுதான். போன சாரல் சீசனுக்கு குற்றாலம் ஐந்தருவில தலைய நனைச்ச அக்கா பொண்ணு, "சித்தி, ஹவ் கோல்ட் இஸ் த வாட்டர்!"னு கத்துனா. இஸ் முன்னால வந்தா அது கேள்வி, தண்ணி எவ்வளவு குளிர்னு நம்மகிட்ட கேக்குற மாதிரி ஆயிரும். பழைய இங்கிலீஷ் கவிதைல அப்படித் திருப்பிப் போட்டிருப்பாங்க, படிக்க ஆரம்பிக்கிறவங்க அந்தப் பக்கம் போக வேண்டாம். பாறைல ஈர விரலால வாட்டர்னு எழுதி அதுக்குப் பின்னால இஸ் எழுதிக் காட்டுனேன், எழுத்து காயுறதுக்குள்ள பிள்ள சரியா சொல்லிட்டா.

இன்னொண்ணு இந்த எ. எந்தொருல ஒரு ஒட்டியே இருக்கும், இங்கிலீஷ்ல அப்படி இல்ல. எண்ண முடியாத பொருளுக்கு எ கிடையாது, "வாட் லவ்லி வெதர்!" தான், "வாட் எ லவ்லி வெதர்" தப்பு, இத படிச்சவங்களே சொல்லுதாங்க. பன்மைக்கும் வராது: "வாட் பிக் ஜாக்ஃப்ரூட்ஸ்!" உயிரெழுத்து ஒலி வந்தா ஆன், புனலூர் ரயில்ல 13 கண் பாலத்தப் பாத்தா "வாட் ஆன் ஓல்ட் பிரிட்ஜ்!"

இப்ப நீங்க ரெண்டு மாத்திப் பாருங்க: "த பஸ் இஸ் வெரி க்ரௌடட்." "தே ஆர் வெரி ஸ்வீட் மேங்கோஸ்." ரெண்டாவதுல எ போட்டிருந்தா, பன்மைப் பலாப்பழத்த இன்னொரு தடவ படிச்சுட்டு வாங்க.