கலிஃபோர்னியாவில் துணை விலங்குடன் வாடகை வீட்டில் குடியிருக்க அனுமதி பெறுவது எப்படி?

அமெரிக்காவில் கடைக்கு ஒரு சட்டம், விமானத்துக்கு ஒரு சட்டம், வாடகை வீட்டுக்கு ஒரு சட்டம் என்றிருப்பதால், உங்கள் விலங்கு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பதற்றத் தாக்குதல் வரப்போவதை உணர்ந்து அதைத் தணிக்கக் குறிப்பிட்ட செயலைச் செய்யப் பழக்கப்பட்ட நாய், 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சேவை நாய் ஆகும். அருகில் இருப்பதாலேயே ஆறுதல் தரும் நாயோ பூனையோ அவ்வகையில் சேராது; அது ஆறுதல் விலங்கு எனப்படும். ஆயினும் வீட்டுவசதிச் சமவாய்ப்புச் சட்டத்தின் கீழ் அதற்கும் அனுமதி கோரலாம்.

இரண்டாம் வகையினருக்கு முக்கியமானது மருத்துவரின் கடிதம். இணையத்தில் விற்கப்படும் பதிவுச் சான்றிதழ், அடையாள அட்டை, மேலங்கி ஆகியவை எந்த உரிமையையும் தருவதில்லை. அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண் என்றே சொல்வேன். 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள கலிஃபோர்னியச் சட்டப்படி, ஆறுதல் நாய்க்குக் கடிதம் தருபவர் அம்மாநில உரிமம் பெற்றவராகவும், குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே உங்களுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கியவராகவும், உங்களை மருத்துவ ரீதியாக மதிப்பிட்டவராகவும் இருக்க வேண்டும். உரிம எண், அதன் வகை, நடைமுறைக்கு வந்த நாள் ஆகியவை கடிதத்தில் உள்ளனவா என்று பாருங்கள். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் குறைபாட்டுக்கும் விலங்கின் தேவைக்கும் உள்ள தொடர்பு தெளிவாக இருந்தால் போதும்.

பிறகு வீட்டு உரிமையாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, நகலைப் பத்திரப்படுத்துங்கள். செல்லப்பிராணிக்கான கட்டணமோ கூடுதல் முன்பணமோ அவர் கேட்கக் கூடாது. ஆனால் விலங்கு கதவைப் பிறாண்டிச் சேதப்படுத்தினால் அதற்கான செலவு உங்களுடையதே. குறிப்பிட்ட அந்த விலங்கு பிறருக்கு நேரடி ஆபத்தாக இருப்பின் அவர் மறுக்கலாம்.

இந்த அனுமதி வீட்டோடு சரி. கடையிலும் உணவகத்திலும் சேவை நாய்க்கே கூட்டாட்சிச் சட்டம் இடமளிக்கிறது; அங்கே ஊழியர், அது குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா என்றும், என்ன பணிக்குப் பயிற்றுவிக்கப்பட்டது என்றும் மட்டுமே கேட்கலாம், சான்று கேட்க முடியாது. விமான நிறுவனங்களும் 2021 ஜனவரி முதல் ஆறுதல் விலங்குகளைச் சாதாரண செல்லப்பிராணிகளாகவே நடத்தலாம். ஆறுதல் நாயைச் சேவை நாய் என்று தெரிந்தே பொய் சொல்வது கலிஃபோர்னியாவில் தண்டனைக்குரிய குற்றம்.

நியாயமான காரணமின்றி வீட்டு உரிமையாளர் மறுத்தால், ஓராண்டுக்குள் கூட்டாட்சி வீட்டுவசதித் துறையிடம் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.