டானிக் வாங்குறதுக்கு முன்னாடி தீவன மூட்டைய பிரிச்சு பாருங்க

முட்டைக்கோழி சோர்ந்து நிக்குது, சளி புடிக்குது, தடுப்பூசி போட்டும் வெள்ளைக்கழிச்சல் வந்துருச்சுன்னா எல்லாரும் மொதல்ல கேக்குறது "என்ன டானிக் குடுக்கலாம்?" தான். மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறவங்க கம்மி.

மழைக்காலத்துல ஈரம் ஏறுன மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு ரெண்டுலயும் பூஞ்சை சுலபமா புடிக்கும், அதுல உருவாகுற அஃப்லடாக்சின் கல்லீரல கெடுத்து எதிர்ப்பு சக்தியையும் அமுக்கிரும், அப்புறம் வெள்ளைக்கழிச்சலுக்கு போடுற லசோட்டா தடுப்பு மருந்த போட்டாலும் சரியா புடிக்காது. வெயில்ல காய வச்சா சரியாயிரும்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க, பூஞ்சை செத்தாலும் விஷம் அங்கயே தான் இருக்கும். கட்டி கட்டுனது, பச்சை பூத்தது, மக்குன வாடை அடிக்கிறது எதுவா இருந்தாலும் காசு போச்சேன்னு பாக்காம தூக்கிப் போட்டுருங்க. மூட்டைய தரையில வைக்காம பலகை மேல, சுவத்துல ஒட்டாம வைங்க. டாக்சின் பைண்டர், அதாவது விஷத்த ஒட்டிப் புடிச்சுக்குற பொருள், கலக்குறது நல்லது தான், ஆனா கெட்ட தீவனத்த அது நல்லதாக்காது.

அடுத்து புரதம். நோய எதிர்க்குற ஆன்டிபாடியே புரதத்துல தான் உருவாகுது. முட்டையிடுற கோழிக்கு தீவனத்துல 16-18 சதவீதம் புரதம் வேணும், வெறும் குருணைல அதுல பாதி தேறுனாலே பெருசு. ஒரு கோழி நாளைக்கு 100-120 கிராம் தான் திங்கும், அதுல சோத்தையும் இட்லியையும் போட்டு வயித்த ரொப்புனா லேயர் தீவனம் (முட்டைக்கோழிக்கான தீவனம்) எங்க போகும்?

வைட்டமின் ஏ-க்கு முருங்கைக்கீரைய கட்டி தொங்க விடுங்க. வைட்டமின் ஏ கொறஞ்சா மூக்கு, தொண்டை உள்தோல் கெட்டு கிருமிக்கு கதவு தெறந்த மாதிரி ஆயிரும். குருணைல அதுக்கான சத்து கெடையாது, மஞ்சள் மக்காச்சோளத்துல இருக்கு.

கால்சியத்துக்கு கிளிஞ்சல் சாயங்காலம் வைங்க, முட்டை ஓடு ராத்திரி தான் உருவாகுது. குஞ்சுங்களுக்கு லேயர் தீவனம் வேண்டாம், அந்தளவு கால்சியம் கிட்னிய கெடுத்துரும்.

தண்ணி தீவனத்த மாதிரி ரெண்டு மடங்கு குடிக்கும், வெயில் காலத்துல இன்னும் அதிகம். தண்ணில தடுப்பு மருந்து கலக்குற அன்னைக்கு மட்டும் குளோரின் தண்ணி கூடவே கூடாது, மருந்து செத்துரும்.

மஞ்சள், சின்ன வெங்காயம் குடுக்குறவங்க குடுங்க, தடுப்பூசிக்கு பதிலா மட்டும் வேண்டாம். திடீர்னு ரெண்டு மூணு செத்தா தீவனத்த மாத்திக்கிட்டு இருக்காம செத்த கோழியோட கால்நடை மருத்துவமனைக்கு போயிருங்க.