தொட்டியில்லா கேஸ் கீசர்: பொருத்துவதும் பராமரிப்பதும்

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் பொருத்தவே கூடாது. எரிவாயு எரியும்போது உண்டாகும், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு, சன்னல் சாத்திய சிறிய அறையில் உயிரையே பறித்துவிடும் என்பதால், காற்றோட்டமுள்ள வெளிச்சுவரில், மழைச்சாரல் படாத இடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். எரிவாயு இணைப்பைக் கொடுத்த பணியாளர் கிளம்புவதற்குள் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவச் சொல்லுங்கள். குமிழி எழுந்தால் கசிவு இருக்கிறது.

தண்ணீர் போதிய அழுத்தத்துடன் வந்தால்தான் பர்னர் பற்றும் என்பதால், மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள மேல்தளத்தில் இது பெரும்பாலும் ஏமாற்றும். ‘டிக் டிக்’ ஓசை மட்டும் கேட்டுத் தீ பற்றாவிட்டால், மெக்கானிக்கை அழைக்குமுன் கீசரில் தீப்பொறி உண்டாக்கும் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

போர்வெல் தண்ணீரானால் உப்புப் படிந்து வெந்நீர் நூலாக ஒழுகும்; கீசருக்குள் தண்ணீர் நுழையும் வாயிலுள்ள வடிகட்டி வலையை மாதம் ஒருமுறை கழுவுவது நல்லது. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.