அடீனியத்தைக் கவாத்து செய்வது எப்படி? கொங்கு நாட்டு மாடித் தோட்டத்துக்கு ஒரு செய்முறை விளக்கம்

நர்சரியிலிருந்து வாங்கி வரும்போது, பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் ஒரு சாண் உயரத்தில், அடி பருத்து, தலை நிறையப் பூத்திருக்கும். அதே செடி மூன்றாம் ஆண்டில் நான்கு நீண்ட குச்சிகளாக நீண்டு, ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு கொத்து இலையும் ஒன்றிரண்டு பூக்களும் மட்டும் தாங்கி நிற்கும். அப்போது மண் சரியில்லை, உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் உரம் இடுகிறவர்களைத் திருப்பூர், ஈரோடு, கோவை வட்டாரத்து மொட்டை மாடிகளில் தொடர்ந்து பார்க்கிறேன். அந்தச் செடிக்கு வேண்டியது உரமன்று, கவாத்து. அதுவும் நம் ஊர் வெயிலையும் மழையையும் பார்த்து, வெட்டிய இடம் காய்ந்து ஆறக்கூடிய மாதத்தில் செய்யும் கவாத்து.

அடீனியம் புதிதாக வளரும் கிளையின் நுனியில்தான் பூக்கும். கிளையின் நுனி இருக்கும் வரை, அங்கே உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, கீழே உள்ள கணுக்களின் மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். நுனியை வெட்டினால் அந்தத் தடை நீங்கி, வெட்டுக்குக் கீழே இரண்டோ மூன்றோ துளிர்கள் கிளம்பும். ஒரு நுனி மூன்று நுனியாகும்போது பூக்கும் இடமும் மூன்றாகிறது. காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் கிளுவை மர வேலியைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. என் அப்பச்சி கொடுவாளோடு வேலியோரம் நடந்துகொண்டே, "தலைய வெட்டுனாத்தான் கண்ணு அடி அடையும்" என்று சொல்லுவார். ஆடு நுழைய முடியாதபடி கிளுவை அடர்வதும் அடீனியம் குடை போலக் கவிந்து பூப்பதும் ஒரே விதியால்தான்.

எந்த மாதத்தில் வெட்டுவது

அடீனியம் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலங்களையும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் சேர்ந்தது. 1760களில் அரேபியாவுக்குச் சென்ற டேனிஷ் ஆய்வுக் குழுவில் இருந்த பீட்டர் ஃபோர்ஸ்கால் என்னும் தாவரவியலாளர் விவரித்த இச்செடி, அவர் மறைந்த பிறகு 1775இல் வெளியான நூலில் அரளியின் ஒரு வகையாகப் பதிவாயிற்று. அடீனியம் என்ற இன்றைய பெயர் ஏமனில் உள்ள ஏடன் என்ற ஊரின் பெயரோடு தொடர்புடையது. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்த செடி கரூர் வெயிலைத் தாங்கும். ஐப்பசி அடைமழையில் வெட்டுக்காயத்தோடு நிற்பதைத் தாங்காது.

இதை நான் ஒரு நல்ல செடியை இழந்துதான் கற்றேன். எட்டு ஆண்டு வயதான செடி அது. தீபாவளிக்கு மாடியைச் சுத்தம் செய்தபோது, கிளைகள் நடைபாதையை மறிக்கின்றன என்று கத்தரியை எடுத்து எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டிவிட்டேன். மறுநாள் பிடித்த மழை ஒரு வாரம் விடவில்லை. வெட்டு வாய்கள் காயாமல் பழுப்பேறி, பழுப்பு தண்டின் நடுச்சோற்றின் வழியாகக் கீழே இறங்கியது. கார்த்திகைத் தீபத்தன்று அடிக்கிழங்கை விரலால் அழுத்தினால், கனிந்த பப்பாளியைப் போல விரல் உள்ளே போனது. இன்றும் அந்தத் தொட்டியைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகவே கொங்குச் சமவெளியில் பெரிய கவாத்துக்கு ஏற்ற காலம் மாசியின் பிற்பகுதியும் பங்குனியின் முற்பகுதியும், அதாவது ஏறத்தாழ மார்ச் மாதம். பனி விலகியிருக்கும், காற்றில் ஈரம் குறைந்திருக்கும், செடியும் குளிர்கால ஓய்விலிருந்து விழித்துத் துளிர்க்கத் தொடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சிப் பக்கம் சாரலையும் கொண்டு வருவதால், அங்கே அப்போது வெட்ட வேண்டாம். அதே காற்று கரூர், தாராபுரம் பக்கம் வறண்ட காற்றாக வீசுவதால், அங்குள்ளவர்கள் நீண்டுவிட்ட நுனிகளை மட்டும் கிள்ளிவிடலாம். புரட்டாசி முதல் தை வரை கத்தரியை எடுக்கவே வேண்டாம். அழுகிய கிளையை நீக்குவது மட்டும் இதற்கு விலக்கு. அதை எந்த மாதத்திலும் உடனே வெட்ட வேண்டும்.

வெட்டும் முறை

முதலில், வெட்டுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தண்ணீர் நிறைந்த செடியில் பால் அதிகமாக வடியும், வெட்டு காயத் தாமதமாகும்.

இரண்டாவது, கருவி. கூர்மையான கவாத்துக் கத்தரி மெல்லிய கிளைக்குப் போதும். கட்டை விரல் பருமனுக்கு மேற்பட்ட கிளையைக் கத்தரி நசுக்கிவிடும் என்பதால், அதற்குப் புதிய பிளேடு பொருத்திய கத்தியே நல்லது. நசுங்கிய திசு அழுகலுக்கு வாசல் திறந்துவிடும். கருவியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போதும் மறக்காமல் துடையுங்கள். கையுறை அணிவது கட்டாயம். அடீனியம் அரளியின் குடும்பம். அதன் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு, ஆப்பிரிக்காவில் அம்பு முனைகளில் தடவியிருக்கிறார்கள். வெட்டிய குச்சியையும் இலையையும் குழந்தைகள் கையில் படாமல், ஆடு மாடு மேயாமல் அப்புறப்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை கண்ணைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, வெட்டும் முன் செடியைச் சுற்றி வந்து பார்ப்பது. தொடக்க நிலையில் உள்ளவர்கள் இதைத்தான் தவிர்க்கிறார்கள். தொட்டியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து, எந்தக் கிளை காய்ந்தது, எது உள்நோக்கி வளர்கிறது, எது இன்னொன்றோடு உரசுகிறது என்று பார்த்து, அவற்றை முதலில் அடியோடு நீக்குங்கள். ஒட்டுச் செடியாக இருந்தால் ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தண்டில் ஒரு வளையத் தழும்பு போலவோ நிறம் மாறும் கோடாகவோ அது தெரியும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளைகள் ஒட்டைத் தாங்கும் அடிச்செடியுடையவை. அவற்றை விட்டுவைத்தால் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய அடுக்குப்பூ ஒட்டு நலிந்து, சாதாரணப் பூவே மிஞ்சும். அதே காரணத்தால், எக்காரணம் கொண்டும் ஒட்டுக்குக் கீழே வெட்டிவிடக் கூடாது.

நான்காவது, மிஞ்சிய கிளைகளைக் குறைப்பது. கிளை தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு, மூன்று அங்குலம் விட்டு வெட்டினாலும் நன்கு வேரூன்றிய செடி தழைத்துவிடும். முதல் முறை செய்கிறவர்களுக்கு அவ்வளவு துணிவு வராது, வர வேண்டியதும் இல்லை. நீளத்தில் பாதியைக் குறைத்தால் போதும். இலை உதிர்ந்த இடத்தில் பிறை போன்ற சிறு தழும்பு தெரியும், அதுதான் கணு. செடியின் வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்கு அரை அங்குலம் மேலே, தண்ணீர் நிற்காமல் வழியும்படி சாய்வாக ஒரே வீச்சில் வெட்டுங்கள். வெளிநோக்கிய கணுவிலிருந்து வரும் கிளை வெளியே விரியும். நடுவே வெயிலும் காற்றும் புகும்.

வெட்டிய முகத்தைக் கூர்ந்து பாருங்கள். ஓரமாகப் பச்சை வளையமும், அதற்குள் வெண்மையான சதையும் இருந்து, விளிம்பில் நீர்த்த பால் துளித்துளியாக அரும்பினால் கிளை நலமாக இருக்கிறது. நடுவில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலும் அது அழுகல்தான். கத்தியை மீண்டும் துடைத்துவிட்டு, புள்ளி மறையும் வரை இன்னும் கீழே கீழே வெட்ட வேண்டும்.

ஐந்தாவது, பால் நின்ற பின் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மருந்து தடவுவது. சிறு வெட்டுகளுக்கு எங்கள் வீட்டில் மஞ்சள் தூளைத்தான் அப்புகிறோம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் எப்போதும் வீட்டில் இருக்கிறது. பெருவிரலைவிடப் பெரிய வெட்டுக்கு மஞ்சளை மட்டும் நம்ப மாட்டேன். கார்பன்டாசிமும் மாங்கோசெப்பும் கலந்த பூஞ்சணக் கொல்லித் தூளைச் சில துளி நீரில் குழைத்துப் பசையாகத் தடவுகிறேன். இத்தூள் உரக்கடைகளில் கிடைக்கும்.

வெட்டிய பிறகு

ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டாம். இலை இல்லாத செடி மிகக் குறைவாகவே தண்ணீர் குடிக்கும். அதற்கு இரங்கி ஊற்றும் தண்ணீர் வேரடியிலேயே தேங்கி நிற்கும். அதன்பின் மண் முழுவதும் காய்ந்த பிறகு கொஞ்சமாக விடுங்கள். காய்ந்ததா என்று அறிய, ஒரு தென்னை ஈர்க்கைத் தொட்டியின் அடி வரை குத்தி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈர்க்கில் மண் ஒட்டியிருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்.

இலை நிழல் போய்விட்டதால், இதுவரை வெயில் படாத தண்டுப் பகுதிகள் சித்திரை வெயிலில் வெந்துபோகலாம். முதல் பத்து நாட்கள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, பிறகு முழு வெயிலுக்கு மாற்றுங்கள். நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாத இடத்தில் அடீனியம் மீண்டும் நெட்டையாகத்தான் போகும், கவாத்து வீணாகும்.

இரண்டு, மூன்று வாரங்களில் கணுக்களில் கடுகளவில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். ஒவ்வொரு துளிரிலும் ஐந்தாறு இலை விரிந்த பின்பே உரம் இடலாம். ஒரு கைப்பிடி மண்புழு உரத்தோடு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கரைத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ஊற்றினால் போதும். கிளை நீண்டு மொட்டு வைக்கும் பருவத்தில் அதை நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து மிகுந்த 13:0:45 உரத்துக்கு மாறுங்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்குமே தவிரப் பூ வராது. மார்ச்சில் வெட்டிய செடி மே, ஜூனில் பூத்துவிடும்.

மண்ணும் தண்ணீரும்

கவாத்தோடு சேர்த்து, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மண்ணையும் மாற்றுவது நல்லது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் கரிசலைத் தொட்டியில் போடவே கூடாது. பருத்திக்கு அருமையான அந்த மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடீனியத்துக்கு அதுவே எமன். பருமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, உளுந்தளவு உடைத்த செங்கல் சல்லி ஒரு பங்கு என்று கலப்பது எங்களுக்கு நன்றாக ஒத்துவந்திருக்கிறது. எம்-சாண்ட் பயன்படுத்துகிறவர்கள் அதிலுள்ள மாவுத்தூளைச் சலித்து நீக்கி, கழுவிய பிறகே கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தூள் சிமெண்ட் போல இறுகி வடிகாலை அடைத்துவிடும். தென்னை நார்க்கழிவு நம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அள்ளிப் போட வேண்டாம்.

மண் மாற்றும்போது அடிக்கிழங்கை முன்பு இருந்ததைவிட ஓர் அங்குலம் உயர்த்தி நட்டால், பருத்த வேர்கள் வெளியே தெரிந்து செடிக்கு அந்த அழகிய உருவம் வரும். நர்சரிக்காரர்கள் இந்த அடிப்பகுதியைக் காடெக்ஸ் என்பார்கள். ஒரே முறையில் முழுவதையும் வெளியே எடுத்தால் வெயிலில் தோல் வெந்துவிடும். அகன்ற, ஆழம் குறைந்த மண் தொட்டி எல்லாவற்றிலும் சிறந்தது. ஆடிக் காற்றில் சாயாமல் நிற்கும் கனமும் அதற்கு உண்டு.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில், தொட்டியின் புறத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் படிவம் கட்டும், இலை நுனி கருகும். மாதம் ஒரு முறை மழைநீராலோ நகராட்சிக் குடிநீராலோ தொட்டி நிறைய ஊற்றி, அடித் துளை வழியாக உப்பை வெளியேற்றுங்கள்.

புதுத் துளிரைத் தேடி வருபவை

இளந்துளிரில் மாவுப்பூச்சி பஞ்சு போல ஒட்டும். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் அடங்கும். ஒரே இரவில் கிளை மொட்டையாகியிருந்தால், அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும் பச்சைப் புழுவைத் தேடுங்கள். விரல் நீளம் இருக்கும்; தலைக்குப் பின்னால் நீல நிறத்தில் கண் போன்ற இரண்டு பொட்டுகள் உண்டு. இலையின் பச்சையோடு கலந்து கண்ணுக்குத் தப்பும், ஆனால் தரையில் மிளகளவில் கிடக்கும் எச்சம் அது இருக்கும் கிளையைக் காட்டிக்கொடுக்கும். கையால் எடுத்து அப்புறப்படுத்தினாலே போதும், மருந்து தேவையில்லை.

வெட்டிய குச்சிகளில் பென்சிலைவிடப் பருத்தவற்றை எறிய வேண்டாம். இலைகளை நீக்கி, ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டு வாய் காய்ந்து தோல் கட்டிய பின், கழுவிய பருமணலில் இரண்டு அங்குல ஆழத்தில் போத்தாக நடுங்கள். மணல் சற்றே ஈரமாக இருந்தால் போதும். அசைத்துப் பார்க்காமல் ஒன்றரை மாதம் விட்டால் வேர் பிடித்துவிடும். விதையிலிருந்து வரும் செடியைப் போலப் பருத்த அடி இவற்றுக்கு வராது என்பதைச் சொல்லியே பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கிறோம். பூ மட்டும் தாய்க்கிளையின் நிறத்திலேயே பூக்கும்.